வெப்பத்துக்கும் ஒரு கணக்கு



ஸ்ரீகாளஹஸ்தியை அடுத்த ராச்சகுன்னேரியில் இரும்புக் குழாய் வார்க்கும் ஆலை ஒன்று இருக்கிறது. லான்கோ இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் தொடங்கி, ஸ்ரீகாளஹஸ்தி பைப்ஸ் என்று மாறி, பிறகு எலக்ட்ரோஸ்டீல் காஸ்டிங்ஸ் நிறுவனத்தோடு இணைந்த ஆலை அது. இரும்பை உருக்கக் கோக் வேண்டும். கோக்குக்காக நிலக்கரியைச் சூளையில் சுட வேண்டும். சூளையிலிருந்து வெளியேறும் புகையில் கொதிக்கும் வெப்பம் இருக்கும். வழக்கமாக அது புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும். ராச்சகுன்னேரியில் அந்தப் புகையைத் திருப்பிப் பாய்லருக்குள் விட்டார்கள். நீராவி கிடைத்தது, டர்பைன் சுழன்றது. 12 மெகாவாட் மின்நிலையம் ஒன்று, தனக்கென்று ஒரு கூடைக் கரிகூடக் கேட்காமல் ஓடத் தொடங்கியது.

ஒரே எரிபொருளிலிருந்து தொழிலுக்கான வெப்பத்தையும் மின்சாரத்தையும் சேர்த்து எடுக்கும் இந்த முறைக்கு இணை மின் உற்பத்தி என்று பெயர். ஆலைக்காரர்கள் சுருக்கமாகக் கோஜென் என்பார்கள். ராச்சகுன்னேரியில் வெப்பம் முதல் வேலையை முடித்த பிறகு மின்சாரமாகிறது. சர்க்கரை ஆலையில் இது தலைகீழ்: உயர் அழுத்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றிவிட்டு, அழுத்தம் குறைந்து வெளியே வந்து, கரும்புச் சாற்றைக் காய்ச்சும். இரண்டிலும் லாபம் ஒன்றுதான். தனியே மின்சாரம் மட்டும் செய்யும் அனல்மின் நிலையத்தில் எரிந்த கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கம்பியில் ஏறுகிறது. முத்தனூர் பக்கம் 1,650 மெகாவாட்டில் நிற்கும் ராயலசீமா அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் வெண்புகை, கைவிட்டுப்போன அந்த மிச்சத்தின் பெரும்பகுதிதான். வெப்பத்தைப் பயன்படுத்தத் தெரிந்த ஆலையில் நூறில் எழுபத்தைந்து, எண்பது பங்கு வரை வேலைக்கு வந்துவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1882ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் மின்நிலையம் திறந்தபோதே, மீந்த நீராவி அக்கம்பக்கத்துக் கட்டடங்களைச் சூடாக்கக் கொடுக்கப்பட்டது. நுட்பம் தயாராகி நூற்றாண்டு கடந்துவிட்டது. தகராறெல்லாம் விலையிலும் விதியிலும்தான். ஆகவே இந்தச் சொற்பொழிவு எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும், அரசாணையைப் பற்றி அதிகமாகவும் பேசும்.

பேச்சு சித்தூர், திருப்பதி மாவட்டங்களைப் பற்றியது. இரண்டும் 2022 ஏப்ரல் வரை பெரும்பாலும் ஒரே மாவட்டம். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் என்று தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் உட்காரும் ஊர்கள். இங்கே கரும்பு இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சித்தூரில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, ரேணிகுண்டா அருகே காஜுலமண்டியத்தில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. இரண்டும் பத்தாண்டுக்கு மேலாக மூடிக் கிடக்கின்றன. கூட்டுறவு ஆலைகள் நொடித்ததற்குக் காரணம் பல: தண்ணீர் இல்லாத ஆண்டுகள், வராத கரும்பு, சர்க்கரை விலை, நிர்வாகம், கடன். கோஜென் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரை ஒன்றை மட்டும் விற்றுப் பிழைக்கும் ஆலை, விலை சரிந்த ஆண்டில் நேராகக் கவிழும் என்பதை இந்த இரண்டு ஆலைகளும் காட்டிவிட்டன.

ஒரு டன் கரும்பை அரைத்தால் முந்நூறு கிலோவுக்குச் சற்றுக் குறையாகச் சக்கை கிடைக்கும். பாதி ஈரம். பழைய ஆலைகளில் அதை 21 கிலோ அழுத்தப் பாய்லரில் போட்டு எரிப்பார்கள். சக்கை குவிந்தால் இடைஞ்சல் என்பதால், வேண்டுமென்றே திறன் குறைந்த பாய்லராகப் பார்த்து வைத்த காலம் ஒன்று உண்டு. சாறு காயும், ஆலை ஓடும், வெளியே விற்க ஒரு யூனிட்டும் மிஞ்சாது. அதே சக்கையை 67 அல்லது 87 கிலோ அழுத்தப் பாய்லரில் எரித்தால் கதை மாறுகிறது. டன்னுக்கு நூறு யூனிட் அளவில் வெளியே அனுப்பலாம். நாளைக்கு 2,500 டன் அரைக்கும் நடுத்தர ஆலை என்றால், பருவம் முழுக்க நாள்தோறும் இரண்டரை லட்சம் யூனிட். அதே கரும்பு, அதே சக்கை, அதே ஆட்கள்.

அப்படியானால் ஏன் எல்லோரும் செய்யவில்லை? ஆந்திரத்தில் ஒரு காலத்தில் செய்யத்தான் புறப்பட்டார்கள். 1997 நவம்பரில் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேச அரசு ஓர் ஆணை போட்டது. மரபுசாரா எரிசக்தியில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 1994-95ஐ அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு ஐந்து சதவிகித உயர்வு. கணக்குப் போட்டால் 2003-04ல் அது மூன்றரை ரூபாயைத் தொடும். அதை நம்பித்தான் ஆலைகள் வங்கிக்குப் போய்க் கடன் வாங்கின. 2001 ஜூனில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மின்சாரத்தை மூன்றாம் ஆளுக்கு விற்கக் கூடாது, மாநில நிறுவனத்துக்கே தர வேண்டும் என்றது. 2004 மார்ச்சில் விலையையும் மாற்றியது. நிலைச் செலவு, மாறும் செலவு என்று இரண்டாகப் பிரித்து, கடன் அடைய அடைய நிலைச் செலவு குறையும்படி வைத்தது.

கணக்கியல்படி பார்த்தால் ஆணையத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. அடைந்துபோன கடனுக்கு நுகர்வோர் ஏன் வட்டி கட்ட வேண்டும்? ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கோட்டை மாற்றி வரைந்ததுதான் உறுத்தல். வழக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போய், உச்ச நீதிமன்றம் போய், 2010 ஜூலை 8ல் சாய் ரினியூவபிள் பவர் வழக்கின் தீர்ப்பாக முடிந்தது. விலையை நிர்ணயிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உற்பத்தியாளர்களைக் கேட்டுப் புதிதாக நிர்ணயிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது நீதிமன்றம். ஆணை போட்டதிலிருந்து தீர்ப்பு வரை பன்னிரண்டரை ஆண்டு. ஒரு சர்க்கரை ஆலையின் பாய்லர் கடன் அதற்குள் ஒருமுறை அடைந்தே போயிருக்கும், அல்லது ஆலையே போயிருக்கும்.

இதே வாசனை 2019ல் மறுபடி அடித்தது. ஆந்திரத்தில் புதிய அரசு வந்ததும் காற்றாலை, சூரிய மின்சார ஒப்பந்தங்களை மறுபேரம் பேச ஜூலை 1ல் குழு போட்டது. வழக்கு நடக்கும்வரை காற்றாலைக்கு 2 ரூபாய் 43 காசு, சூரியனுக்கு 2 ரூபாய் 44 காசு என்ற இடைக்கால விலை. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்ற அமர்வு அதை ரத்து செய்து, ஒப்பந்த விலையையே கொடுக்கச் சொன்னது. சக்கைக்கும் காற்றாலைக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். வங்கிக்குத் தொடர்பு உண்டு. சித்தூர்க் கிளை மேலாளர் கோஜென் கடன் கோப்பைத் திறக்கும்போது, மாநிலம் கையெழுத்தை எத்தனை முறை திருத்தியது என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

ஆகவே மாநிலம் எடுக்க வேண்டிய முதல் முடிவு மானியம் அல்ல. ஒப்பந்தத்தில் விலை எப்போது, எந்த சூத்திரப்படி மாறும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி, அதோடு விட்டுவிடும் ஒழுக்கம். அமெரிக்காவில் 1978ல் வந்த பர்ப்பா சட்டம் இதை எளிமையாகச் செய்தது. தகுதி பெற்ற கோஜென் ஆலையின் மின்சாரத்தை மின்நிறுவனம் வாங்கியே தீர வேண்டும். விலை, அந்த மின்சாரத்தை நிறுவனம் தானே உற்பத்தி செய்தாலோ வேறிடத்தில் வாங்கினாலோ எவ்வளவு ஆகியிருக்குமோ அவ்வளவு. கருணையும் இல்லை, சலுகையும் இல்லை.

இந்தியச் சட்டத்திலும் வாசகம் குறைவில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இணை மின் உற்பத்திக்குத் தனி வரையறை தருகிறது. அதை வளர்ப்பது மாநில ஆணையத்தின் கடமை என்று 86(1)(இ) பிரிவு சொல்கிறது. அதற்கு முன்பே, 1996 நவம்பரில், மத்திய மின்துறைத் தீர்மானம் ஒன்று தகுதியை வரையறுத்தது: மின்சாரம் முழுவதும், பயனுள்ள வெப்பத்தில் பாதியும் சேர்த்து, எரிபொருளின் ஆற்றலில் 45 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டும். வெப்பத்துக்கு அரை மதிப்பெண்ணாவது அன்றே கிடைத்துவிட்டது.

பிறகு குழப்பம். நிலக்கரியில் ஓடும் கோஜெனும் இந்தப் பிரிவில் வருமா? 2010ல் செஞ்சுரி ரேயான் வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், எந்த எரிபொருளானாலும் கோஜென் கோஜென்தான் என்றது. அத்தகைய ஆலையைப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது என்றது. 2013ல் லாயிட்ஸ் மெட்டல்ஸ் வழக்கில் அதே தீர்ப்பாயம், மின்பகிர்மான நிறுவனங்களின் கட்டாயக் கொள்முதலில் நிலக்கரிக் கோஜெனைக் கணக்கில் எடுக்க முடியாது என்றது. இரண்டும் தத்தம் இடத்தில் சரிதான். நடுவில் நிற்பது ராச்சகுன்னேரி மாதிரியான ஆலை: எரிபொருள் எரிப்பதே இல்லை, வீணாகும் வெப்பத்தைப் பிடிக்கிறது. அதற்குக் கரிப்பொடி பூசுவதா, பச்சை பூசுவதா என்று விதிக்குத் தெரியவில்லை. மாநில ஆணையம் வீண் வெப்பத்தில் வரும் மின்சாரத்துக்குத் தனி வகை ஒன்றைத் திறந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிப் பாதி, கட்டணங்களில் ஒளிந்திருக்கிறது. தனக்கென்று மின்நிலையம் வைத்திருக்கும் ஆலையும் பொதுக் கம்பியோடு இணைந்தே ஓடுகிறது. டர்பைன் நின்றால் கம்பிதான் காப்பாற்றும். இதற்காக ஆந்திர ஆணையம் 2002 பிப்ரவரியில் கட்டமைப்பு ஆதரவுக் கட்டணம் ஒன்றை விதித்தது. ஆலைகள் எதிர்த்தன. அவற்றில் ஒன்று விசாகப்பட்டினத்தின் ரெயின் கால்சைனிங். கோக் சுடும் வெப்பத்தில் மின்சாரம் செய்யும் ஆலை அது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டணம் செல்லும் என்று முடித்தது. பதினேழு ஆண்டு வழக்கு. கம்பிக்குக் கூலி கேட்பது தப்பில்லை. ஆனால் டீசல் ஜெனரேட்டரை மூலையில் நிறுத்தி வைத்திருக்கும் ஆலையும், வருடம் முழுக்க வெப்பத்தை மீட்டுக் கம்பியின் பாரத்தைக் குறைக்கும் ஆலையும் ஒரே தராசில் நிற்பது சரியா என்பதை நீதிமன்றம் தீர்க்க முடியாது. அது கொள்கை. அதை எழுத வேண்டியது அரசு.

இனி, கரும்பை விட்டு மாம்பழத்துக்கு.

சித்தூர் மாவட்டத்தின் இன்றைய பயிர் தோத்தாபுரி. கிருஷ்ணகிரியில் பெங்களூரா என்பதும் இதுதான். மூக்கு நீண்ட பழம். சாப்பிடுவதற்கு அவ்வளவு பிரமாதமில்லை, கூழுக்குத்தான் ராஜா. மே கடைசியிலிருந்து ஜூலை வரை கூழ் ஆலைகளுக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டும். 2025ல் அந்த வரிசை அழுகையாகிவிட்டது. முந்தைய ஆண்டுக் கூழ் விற்காமல் தேங்கியிருக்க, ஆலைகள் பழம் வாங்கத் தயங்கின. ஆலை கிலோவுக்கு எட்டு ரூபாய், அரசு நான்கு ரூபாய் என்று மாநிலம் ஏற்பாடு செய்தது. ஜூலையில் மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் 1,62,500 டன்னுக்குக் குவிண்டால் 1,490 ரூபாய் 73 காசு என்று ஒப்புக்கொண்டு, செலவில் பாதியை ஏற்றது.

கூழ் ஆலைக்குள் நடப்பது முழுக்க வெப்ப வேலை. பழத்தைக் கழுவுவது, கொட்டை நீக்குவது, கூழைச் சூடாக்கிக் கிருமி கொல்வது, டின்னிலோ பையிலோ அடைத்த பின் குளிரவைப்பது. ஒரு பக்கம் நீராவி, மறுபக்கம் குளிர். பாய்லர், விறகையோ உமியையோ நிலக்கரியையோ தின்கிறது. தோலும் கொட்டையும் பின்புறம் மலையாகக் குவிந்து ஈ மொய்க்கிறது. கோஜெனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று துள்ளத் தோன்றும். ஆனால் காலண்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு, இரண்டரை மாதம் ஓடும் ஆலைக்கு டர்பைன் வாங்கிக் கொடுத்தால், மீதி ஒன்பது மாதம் அது துருவுக்குத்தான் உழைக்கும். தனித்தனிக் கூழ் ஆலைக்குக் கோஜென் மானியம் கொடுப்பது பணத்தைப் பாழாக்குவது.

வேறொரு கணக்கு இருக்கிறது. சர்க்கரை ஆலை அரைப்பது மார்கழியை ஒட்டித் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் முடிகிறது. மாம்பழம் வைகாசியில் தொடங்குகிறது. ஒன்றின் பாய்லர் அணையும் வாரத்தில்தான் மற்றதற்கு நீராவிப் பசி எடுக்கிறது. சக்கையைச் சேமித்து வைக்கலாம். ஆனால் நீராவியை நெடுந்தூரம் கொண்டுபோக முடியாது. ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் போனால் வெப்பமும் காசும் வழியிலேயே கரையும். எனவே கூழ் வரிசை சர்க்கரை ஆலையின் வாசலுக்கே வர வேண்டும். தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும்போது மின்கம்பி, சாலை, தண்ணீர் பார்க்கிறார்கள். நீராவி எங்கே கிடைக்கும் என்றும் பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் தனியார் சர்க்கரை ஆலைகளைச் சுற்றிப் புதிய கூழ் ஆலைகளுக்கு இடம் கொடுக்கலாம். ஏற்கனவே இருக்கும் ஆலைகளைப் பெயர்த்து நடுவது நடக்காத காரியம். அதைக் கொள்கையில் எழுதிக் காகிதத்தை வீணாக்க வேண்டாம்.

வெல்லத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்தூர் வெல்லச் சந்தைக்குப் பழைய பெயர். தோப்பின் ஓரத்தில் ஓலைக் கொட்டகை. வெளியே காயும் சக்கை. தரையைத் தோண்டிய அடுப்பின் வாயில் ஓர் ஆள் உட்கார்ந்து கைப்பிடி கைப்பிடியாகச் சக்கையைத் தள்ளுவார். மேலே அகலக் கொப்பரையில் பாகு நுரைத்து ஏறும். நுரையை அரிகரண்டியில் வழித்துக் கொட்டுவார்கள். இங்கே டர்பைன் பேச்சு வெறும் பேச்சு. புகையின் சூட்டில் அடுத்த கொப்பரைச் சாற்றை முன்கூட்டியே சூடேற்றும் இரட்டை அடுப்பு போதும், சக்கை மிச்சமாகும். கொள்கை வகுப்போர் மெகாவாட்டுக்குக் கீழே குனிந்து பார்ப்பதில்லை என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெப்பத்தை வெப்பமாகவே மதித்த இடம் இந்தப் பகுதியில் ஒன்று உண்டு, அதுவும் மலை உச்சியில். 2002ல் திருமலையில் தேவஸ்தானம் சூரிய நீராவிச் சமையல் அமைப்பை நிறுவியது. கூரையில் 106 வளைகண்ணாடித் தட்டுகள். சூரியனைப் பின்தொடர்ந்து தாமே திரும்புபவை. நாளைக்குச் சுமார் 4,000 கிலோ நீராவி, 15,000 பேருக்குச் சமையல். மின்சாரம் ஒரு வாட்கூட வராது. அன்னதானக் கூடத்துக்கு வேண்டியது சோறு வேகும் சூடு. சூரியத் தகட்டில் மின்சாரம் செய்து, அதை மறுபடி அடுப்பில் சூடாக்கும் சுற்றுவழியை அவர்கள் எடுக்கவில்லை. மழை மேகத்துக்கும் இரவுக்கும் பாய்லர் துணை இருந்தது. அது குறையல்ல, புத்தி.

கீழே திருப்பதி ஊரில் மருத்துவமனைகளுக்கும் பெரிய விடுதிகளுக்கும் வேண்டியது மூன்று: மின்சாரம், வெந்நீர், குளிர்காற்று. எரிவாயு எஞ்சினில் மின்சாரம் எடுத்து, அதன் புகைச்சூட்டில் உறிஞ்சு வகைக் குளிர்விப்பு எந்திரத்தை ஓட்டினால் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். நகர எரிவாயு விநியோக உரிமம் பத்தாவது ஏலச் சுற்றில் சித்தூர், கோலார், வேலூர் மாவட்டங்களைச் சேர்த்து ஏஜி அண்டு பி நிறுவனத்துக்குப் போனது, குழாய் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி கப்பலில் வருவது. உலகில் எங்கோ போர் மூண்டால் விலை துள்ளும். வருடம் முழுக்க, இரவும் பகலும் குளிரும் வெந்நீரும் கேட்கும் கட்டடத்துக்கு மட்டும் இது கட்டுப்படியாகும். சத்தியவேடு பக்கத்து ஸ்ரீசிட்டியில் உணவு ஆலைகளும் எந்திர ஆலைகளும் தோளோடு தோள் நிற்பதால், ஒரு பொது நிலையத்திலிருந்து பலருக்கு நீராவியும் குளிர்நீரும் விற்கும் ஏற்பாட்டை முதலில் சோதிக்கத் தகுந்த இடம் அதுவே.

சூரிய மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாயை ஒட்டிக் கிடைக்கும்போது இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நண்பகலில் சக்கை மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கேட்பது இனி எடுபடாது. ஆனால் பொழுது சாய்ந்து விளக்கும் விசிறியும் ஓடும் வேளையில் சூரியன் இல்லை. சர்க்கரை ஆலை அரைப்புப் பருவத்தில் இரவு பகலாக ஓடுகிறது; மாலை மின்சாரத்துக்கு மாலை விலை கொடுத்தால் போதும். வாங்க வேண்டிய ஆந்திரப் பிரதேசத் தென்பகுதி மின்பகிர்மானக் கழகத்தின் தலைமை அலுவலகம் திருப்பதியிலேயே இருக்கிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்கூட இல்லாத ஊர்கள் உண்டு.

தமிழ்நாடு வேறொரு வழியை முயன்றது. 12 கூட்டுறவு, பொதுத்துறைச் சர்க்கரை ஆலைகளில் மின்வாரியமே முன்னின்று இணை மின் நிலையம் அமைக்கும் திட்டம். மொத்தம் 183 மெகாவாட். எண்ணம் நல்லது: கடனில் மூழ்கிய கூட்டுறவு ஆலை பாய்லருக்குப் பணம் திரட்ட வேண்டியதில்லை. கட்டுமானமோ ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சித்தூர், திருப்பதியில் மூடிய கூட்டுறவு ஆலைகளைத் திறக்கப் போகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் பேசுபவர்கள், முதலில் அந்த இழுபறியின் கோப்பை வேலூரைத் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வரலாம்.

டென்மார்க் 1979ல் வெப்ப வழங்கல் சட்டம் போட்டபோது, நகராட்சிகளுக்கு இட்ட முதல் வேலை குழாய் பதிப்பது அல்ல. எங்கே எவ்வளவு வெப்பம் தேவை, எங்கே வீணாகிறது என்று வரைபடம் போடுவது. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பொதுக் குழாய் வெப்பத்தில் வாழ்கின்றன. இந்த வரைபடத்துக்குச் சித்தூரிலும் திருப்பதியிலும் புதிதாக ஆய்வுக் குழு அமைக்கத் தேவையில்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பாய்லர்கள் பதிவாகி, சான்றிதழுக்காக ஆய்வாளர் வந்து பார்த்துக் குறிக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025ல் புதுச் சட்டம் வந்தும் பதிவு தொடர்கிறது. எந்த ஆலையில் எத்தனை டன் பாய்லர், எத்தனை அழுத்தம் என்பது அந்தப் பதிவேட்டில். எந்த ஆலை எந்த மாதத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது மின்பகிர்மானக் கழகத்தின் உயரழுத்த இணைப்புக் கணக்கில். இரண்டும் வேறு வேறு துறை, வேறு வேறு அலமாரி. அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் மாவட்ட ஆட்சியர்கள் இரண்டு பட்டியலையும் ஒரே மேசையில் வைக்கச் சொல்லி அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல் வெப்பமும் மின்சாரமும் சேர்ந்து கேட்கும் ஆலைகள் எவை என்பது தெரிந்துவிடும். ஒப்பந்தப் பேச்சை அந்தப் பெயர்களிலிருந்து தொடங்கலாம்.